சுப்பிரமணிய சிவாவின் இல்லறமும் நரம்பு நோயும்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயிலில் சென்றவர்கள், குரும்பூரைக் கடந்ததும் ஆறுமுகநேரி நிலையத்தைக் கண்டிருப்பார்கள். ஊரைத் தாண்டினால் உப்பளம். பாத்தி பாத்தியாக நீர் தேங்கி, வெயிலில் உறைந்து, வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசச் செய்யும். அப்பாத்திகளில் வெறுங்காலுடன் நின்று உப்பு வாருகின்றவரிடம், உங்கள் தொழிலில் எது கடினம் என்று கேட்டுப் பாருங்கள். வெயிலைச் சொல்வதற்கு முன் அவர் தம் காலைச் சொல்லுவார். உப்புநீரில் ஊறிய பாதம் வெடிக்கும். வெடிப்பில் மீண்டும் உப்புநீர் படும். தாங்க முடியாமல் எரியும். எரிவதனாலேதான் அவர் காலைத் தூக்கிப் பார்க்கின்றார், நல்ல தண்ணீரில் கழுவுகின்றார், எண்ணெய் தடவுகின்றார், மறுநாள் வேலைக்குப் போகலாமா, கூடாதா என்று முடிவு செய்கின்றார். அந்த எரிச்சல் அவருக்குத் துன்பம். அதுவே அவருக்குக் காவலும் ஆகும்.

எரிச்சலே தோன்றாத ஒரு காலை இப்பொழுது எண்ணிப் பாருங்கள். வெடிப்பு ஆழமாகும்; புண்ணாகும்; புண் எலும்பைத் தொடும்; உடையவருக்கோ ஒன்றும் தெரியாது. அத்தகைய காலோடும் கையோடும் வாழ்ந்த ஒருவரைப் பற்றியும், அவருக்கு வாழ்க்கைப்பட்ட ஒரு பெண்மணியைப் பற்றியும் இன்று பேச விரும்புகின்றேன். அவர் பெயரை நீங்கள் பாட நூல்களில் படித்திருக்கின்றீர்கள். அவர்தாம் சுப்பிரமணிய சிவா. அம்மையாரின் பெயர் மீனாட்சி. இப்பெயரை உங்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்?

சிவா 1884ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் வத்தலக்குண்டில் பிறந்தவர். மீனாட்சியம்மையை அவர் மணந்தது 1899ஆம் ஆண்டில். அப்பொழுது மணமகனுக்கு வயது 15. அக்காலத்தில் அது வியப்பன்று. வியப்பு அதற்குப் பின் வந்த வாழ்க்கையில் இருக்கின்றது. கணவர் ஓரிடத்தில் தங்குகின்றவர் அல்லர். திருவனந்தபுரத்தில் சங்கம் வைத்து அரசியல் பேசினார். திருவிதாங்கூர் அரசு அவரை வெளியேற்றியது. 1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடிக்கு வந்து வ. உ. சிதம்பரனாரோடு சேர்ந்தார். கடற்கரையில் மாலைதோறும் கூட்டம். பிப்ரவரி 27இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்ட அத்தொழிலாளர்கள் ஒன்பது நாளில் வென்றார்கள். மார்ச் 12இல் இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். இவையெல்லாம் நீங்கள் அறிந்தவையே. ஆகையால் விரைந்து செல்கின்றேன்.

ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்புக் கூறினார். அரசுக்கு எதிராகப் பேசிய குற்றத்திற்காகச் சிவாவுக்குப் பத்தாண்டு. தாம் பேசிய குற்றத்திற்காக இருபதாண்டும், சிவாவுக்கு இடங்கொடுத்து உதவிய குற்றத்திற்காக மேலும் இருபதாண்டும் சிதம்பரனாருக்கு. மேல்முறையீட்டில் சிவாவின் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது. சிதம்பரனாரின் துணைவியார் பெயரும் மீனாட்சிதான் என்பது ஒரு தற்செயலான ஒற்றுமை. ஒரே வழக்கில் கணவரைச் சிறைக்கு அனுப்பிய இரண்டு மீனாட்சிகள்! சிதம்பரனாரின் மீனாட்சி, கோவைக்கும் கண்ணனூருக்கும் தம் கணவர் போன வழியைக் கண்ணீரோடு பார்த்திருந்தார். அவர் திரும்பியபோது, போனவரே திரும்பினார், இளைத்திருந்தார், செல்வம் இழந்திருந்தார், ஆனால் அவரே. சிவாவின் மீனாட்சிக்கு அந்த ஆறுதலும் கிட்டவில்லை.

சிவா 1912ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் விடுதலையானார். அப்பொழுது அவர் உடலில் தொழுநோய் வெளிப்பட்டிருந்தது. அடுத்த மாதம் கண்ணனூர்ச் சிறையிலிருந்து சிதம்பரனார் வெளியே வந்தபோது, வாயிலில் காத்திருந்த சிவாவை அவரால் உடனே அடையாளம் காண இயலவில்லை என்று கூறுவர். நான்கரை ஆண்டுகளுக்கு முன் ஒரே வீட்டில் உண்டு உறங்கிய நண்பர் அவர். தோழருக்கே அப்படியென்றால், மனைவி அவரை முதன்முதல் பார்த்த வேளை எப்படியிருந்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகின்றேன்.

சிறையிலே சிவாவுக்கு நோய் தொற்றியது என்று வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. மாணவர்கள் இங்கே சற்று நின்று சிந்திக்கவேண்டும். இந்நோயின் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. அது உடலில் புகுந்து, அடையாளம் தோன்றுவதற்குச் சராசரியாக ஐந்தாண்டுகள் ஆகும். சிலருக்கு இருபதாண்டுகளும் ஆகும். ஆதலால், நோய் சிறையில் வெளிப்பட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். சிறையில்தான் தொற்றியது என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லலாகாது. அரை வயிற்று உணவும் கடுங்காவலும் உடலின் எதிர்ப்பாற்றலைக் குலைத்து, உள்ளே உறங்கியதை எழுப்பியிருக்கலாம். இதனால் ஆங்கில ஆட்சியின் பொறுப்புக் குறைந்துவிடாது. ஆனால் வரலாறு எழுதுவோர் மருத்துவத்தையும் கேட்டுக்கொண்டு எழுதுவது நன்று.

தொழுநோயைத் தோல் நோய் என்றே பலரும் எண்ணுகின்றனர். தோலில் தேமல் தோன்றுவதால் வந்த எண்ணம் அது. உண்மையில் இது நரம்பைத் தாக்கும் நோய். நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஹான்சன் என்னும் மருத்துவர் 1873ஆம் ஆண்டில் இதன் கிருமியைக் கண்டார். அக்கிருமிக்குக் குளிர்ந்த இடம் பிடிக்கும். உடலில் குளிர்ச்சி மிகுந்த இடங்கள், தோலை ஒட்டி நரம்புகள் ஓடும் இடங்களே. முழங்கையின் பின்புறத்தில் தெரியாமல் இடித்துக்கொண்டால், சுண்டுவிரல் வரை சுரீரென்று மின்சாரம் பாய்வதுபோல் இருக்கின்றதல்லவா? அந்த நரம்பில் அது குடிபுகும். முதலில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். பிறகு அவை மடங்கி நிமிராமற் போகும். முழங்காலின் பக்கத்து நரம்பு கெட்டால் பாதம் தொங்கும். நடக்கையில் முன்விரல்கள் தரையில் இழுபடும். முகத்து நரம்பு கெட்டால் இமை மூடாது. தூசி விழுந்தாலும் கண் அறியாது. ஆண்டுக்கு ஆண்டு ஒவ்வொன்றாக இவை நிகழும். பாரிசவாயுவைப் போல ஒரே நாளில் வந்து நின்றுவிடுவதன்று இது. இன்று இருக்கும் நிலை நாளை இருக்குமா என்று நோயரும் அறியார், வீட்டாரும் அறியார்.

இத்தகைய நோயர் உள்ள இல்லத்தில், துணைவர் என்ன செய்கின்றார்? மருந்து கொடுப்பதையும் சமைத்துப் போடுவதையும் எல்லாரும் சொல்லுவர். அவற்றைவிட நுட்பமான பணி ஒன்றுண்டு. நோயரின் நரம்பு செய்யவேண்டிய வேலையைத் துணைவரின் கண் செய்யவேண்டும். கொதிக்கும் டம்ளரை அவர் எடுக்குமுன் தாம் தொட்டுப் பார்க்கவேண்டும். அடுப்பங்கரையில் அவர் கை எங்கே இருக்கின்றது என்று நோக்கவேண்டும். வெளியே போய்வந்தால் உள்ளங்காலைத் திருப்பி, முள் தைத்திருக்கின்றதா, செருப்புக்குள் கல் கிடந்ததா என்று தேடவேண்டும். நோயருக்கு வலி இல்லை. ஆதலால் முறையீடும் இல்லை. முறையிடாதவரின் காயத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிய காரியம் அன்று. அதுவும் ஒருநாள் இருநாள் அன்று, நாள்தோறும், இரவிலும்.

இரவிலும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயரின் விரல்கள் ஏன் குறைகின்றன என்று ஆராய்ந்தார். விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்பது அதுவரை உலகம் முழுவதும் நிலவிய நம்பிக்கை. அவரோ, வலி தெரியாமையால் நேரும் காயங்களே அக்கேட்டுக்குக் காரணம் என்று கண்டார். சூடான பாத்திரம், துருப்பிடித்த பூட்டை அளவுக்குமீறித் திருகுதல், பொருந்தாத செருப்பு என ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு காரணம் கிடைத்தது. ஒன்றுக்கு மட்டும் கிடைக்கவில்லை. மாலையில் நன்றாயிருந்த விரலின் ஒரு பகுதி காலையில் காணப்படவில்லை! இரவெல்லாம் விழித்திருந்து பார்த்தபோது, உறங்குகின்றவரின் விரலை எலி கடிப்பது தெரிந்தது. நோயர் விழிக்கவில்லை. அதன்பின் நோயருக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. பிராண்டின் மனைவி மார்கரெட் அம்மையார் கண் மருத்துவர். இமைக்க மறந்த கண்களைக் காப்பதைத் தம் பணியாகக் கொண்டார். மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை முறையும், உணர்விழந்த பாதத்துக்கேற்ற மெல்லிய ரப்பர்ச் செருப்பும் வேலூரிலும் கரிகிரியிலும் உருவாகி உலகுக்குச் சென்றன. மருத்துவ உலகம் 1950க்கு அண்மையில் கண்டுகொண்ட இவ்வுண்மையை, அதற்கு முன்பே பல வீடுகளில் படிப்பறிவில்லாத மனைவியரும் கணவரும் தம் அன்றாடத்தில் உணர்ந்திருப்பார்கள் என்றே நான் நினைக்கின்றேன். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

மீண்டும் சிவாவின் வீட்டுக்கு வருவோம். விடுதலைக்குப் பின் அவர் சென்னையில் குடியமர்ந்தார். 1913இல் ‘ஞானபானு’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். புதுச்சேரியில் இருந்த பாரதியார் அதில் எழுதினார். ‘சின்னச் சங்கரன் கதை’ வெளிவந்தது அவ்விதழில்தான். விரல்கள் மரத்துக்கொண்டிருந்த ஒருவர் ஓர் இதழையே தாங்கி நடத்தினார் என்பது சிறிய செய்தியன்று. அவருடைய எழுத்தை நாம் போற்றுகின்றோம். எழுதிய கையைக் கழுவித் துடைத்துக் காத்த வாழ்க்கை அதன் பின்னால் இருந்தது. அவ்வாழ்க்கை இரண்டரை ஆண்டே நீடித்தது. 1915ஆம் ஆண்டில் மீனாட்சியம்மையார் காலமானார். நோயாளி இருக்க, உடனிருந்தவர் முந்திக்கொண்டார்.

வரலாற்று நூல்களில் அம்மையாருக்குக் கிடைத்திருப்பவை இரண்டு வரிகள்: ஒன்று 1899இல் மணம், மற்றொன்று 1915இல் மரணம். நடுவே பதினாறாண்டுகள். அவற்றுள் நான்கரை ஆண்டு சிறைப்பிரிவு. இரண்டரை ஆண்டு நோயோடு இல்லறம். சிவா எழுதிய நூல்களின் பெயர்களை நாம் வரிசையாகச் சொல்ல முடிகின்றது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும், தலைவர்களின் வரலாற்றைப் படிக்கும்போது, அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள்.

தனித்துவிடப்பட்ட சிவாவின் எஞ்சிய பத்தாண்டுகளில் நோய் முற்றிக்கொண்டே வந்தது. அவர் பயணத்தை நிறுத்தவில்லை. ஆனால் ரயிலில் ஏற அவருக்குத் தடை வந்தது. தொற்றுநோயரை ஏற்ற மறுக்கும் உரிமையை 1890ஆம் ஆண்டின் ரயில்வேச் சட்டம் ரயில்வே நிருவாகத்துக்கு அளித்திருந்தது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயர் சட்டமோ, அறிவிக்கப்பட்ட பகுதிகளில் இந்நோயர் வாடகை வண்டியில் ஏறலாகாது, பொதுக் கிணற்றில் குளிக்கலாகாது, உண்பொருள் விற்கலாகாது என்று விதித்தது. ஏழை நோயரைப் பிடித்து விடுதியில் அடைக்கவும் வழி செய்தது. வேடிக்கை என்னவென்றால், அச்சட்டத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1890–91இல், இந்தியா முழுவதும் சுற்றி ஆராய்ந்த தொழுநோய்க் குழு, இந்நோய் தொற்றும் தன்மை மிகக் குறைவு, கட்டாயமாகப் பிரித்துவைக்கத் தேவையில்லை என்றே முடிவு கூறியிருந்தது. அறிஞர் சொன்னது ஒன்று. அச்சம் செய்தது மற்றொன்று. சிவா நடந்தார், கட்டைவண்டியில் சென்றார், ஊர் ஊராகப் பேசினார். உணர்விழந்த பாதத்தோடு நீண்ட வழி நடப்பது எத்தகையது என்பதைச் சற்றுமுன் கேட்டீர்கள். மாலையில் அந்தப் பாதத்தைத் திருப்பிப் பார்க்க மனைவி இல்லை. நண்பர்களும் தொண்டர்களும் இருந்தனர். ஆறுமுகநேரி வழியாகத் திருச்செந்தூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1923ஆம் ஆண்டில். பதினைந்தாண்டுகளுக்கு முன் இக்கரையோரம் எங்கும் யாருடைய பேச்சைக் கேட்கத் திரண்டதோ, அவர் ஏறக்கூடாத வண்டியாக அது வந்தது.

கடலுக்கு அப்பால் இதே காலத்தில் மற்றொரு மனைவிக்கு நேர்ந்ததைச் சொல்கின்றேன். பசிபிக் மாகடலில் ஹவாய்த் தீவுகள் உள்ளன. அங்கே 1865இல் இயற்றிய சட்டப்படி, தொழுநோயரை மொலொக்காய்த் தீவின் ஒரு முனையில் கொண்டுபோய் விட்டனர். மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் செங்குத்தான மலை. தொடக்கத்தில், உடன் செல்ல விரும்பிய கணவனையோ மனைவியையோ ‘உதவியாளர்’ என்ற பெயரில் அனுமதித்தனர். நலமுடையவர் தாமே விரும்பி அத்தீவுக்குப் போய்த் துணைவருடன் வாழ்ந்த நிகழ்ச்சிகள் பல உண்டு.

கவாய்த் தீவில் கோஒலாவ் என்பவர் மாடு மேய்ப்பவர். அவருக்கும் அவருடைய சிறு மகனுக்கும் இந்நோய் கண்டது. மனைவி பீலானிக்கு நோய் இல்லை. மனைவி உடன்வந்தால் மொலொக்காய்க்குப் போகக் கோஒலாவ் இசைந்தார். 1893இல் ஹவாய் அரசியைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்திருந்த புதிய அரசு அதற்கு இணங்கவில்லை. அப்படியானால் போவதில்லை என்று குடும்பம் முழுவதும் கலாலாவ் என்னும் மலைப் பள்ளத்தாக்கில் மறைந்தது. பிடிக்கவந்த அதிகாரி ஒருவரைக் கோஒலாவ் சுட்டுக் கொன்றார். பீரங்கியோடு படை வந்தது. பிடிக்க முடியாமல் திரும்பிற்று. அதன்பின் மூன்றாண்டுகளுக்கு மேலாகக் காட்டில் வாழ்ந்தார்கள். முதலில் மகன் இறந்தான். அடுத்துக் கணவர் கண்ணெதிரே இறந்தார். இருவரையும் பீலானி தம் கையால் புதைத்தார். கணவருடன் அவருடைய துப்பாக்கியையும் வைத்துப் புதைத்தார். பிறகு தன்னந்தனியே மலையிறங்கித் தாயிடம் வந்தார். அத்தனை ஆண்டுகள் ஒன்றாக உண்டு உறங்கியும் அந்நோய் அவரைப் பிடிக்கவில்லை. இதில் மந்திரம் ஏதுமில்லை. மனிதருள் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேருக்கு இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையிலேயே இருக்கின்றது என்பது இன்றைய மருத்துவம்.

பீலானி தம் கதையைத் தாமே சொன்னார். அது ஹவாய் மொழியில் 1906இல் நூலாக அச்சாயிற்று. ஜாக் லண்டன் என்னும் புகழ்பெற்ற அமெரிக்க எழுத்தாளரும் கோஒலாவின் கதையை எழுதினார். உலகெங்கும் அது படிக்கப்பட்டது. அந்தக் கதையில் கோஒலாவ் வீரராக இருக்கின்றார், தனியாக இறக்கின்றார். பீலானி அதில் இல்லை! உடனிருந்து புதைத்தவளைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் வீரம் இன்னும் தனித்துத் தெரியும் என்று எண்ணினாரோ என்னவோ. பீலானிக்கு ஒரு நூலாவது கிடைத்தது. நம் மீனாட்சியம்மையாருக்கு அதுவும் இல்லை.

இந்நோய் நம் நாட்டில் இல்லறச் சட்டத்துக்குள் புகுந்த வரலாறு, மாணவர்கள் அறியவேண்டிய ஒன்று. சிவாவின் காலத்தில் இந்து மனைவிக்கு மணவிலக்கு இல்லை. 1946ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கணவனுக்கு அருவருப்பான நோய் இருந்தால், அது அவளிடமிருந்து வந்ததல்லவென்றால், மனைவி தனித்து வாழ்ந்து சீவனாம்சம் பெறலாம் என்றது. வேறு வழியற்று வாடிய பெண்களுக்கு அது ஓர் அடைக்கலமே. அதை நான் குறைகூற மாட்டேன். 1939இன் முஸ்லிம் மணமுறிவுச் சட்டமும், 1954இன் சிறப்புத் திருமணச் சட்டமும், 1955இன் இந்துத் திருமணச் சட்டமும், பழைய 1869ஆம் ஆண்டுக் கிறித்தவர் சட்டமும் தொழுநோயை மணவிலக்குக்குரிய காரணங்களுள் ஒன்றாக வைத்திருந்தன. ‘தீராத’ தொழுநோய் என்பது 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொல்.

தீராதது என்று டெல்லியில் எழுதிய அந்த ஆண்டில், செங்கற்பட்டில் அது தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே இராபர்ட் காக்ரேன் என்னும் மருத்துவர், நீரடிமுத்து எண்ணெயை நம்பியிருந்த பழைய மருத்துவத்துக்குப் பதிலாக, டாப்சோன் என்னும் மருந்தை 1940களிலேயே நோயருக்குக் கொடுத்து வெற்றி கண்டிருந்தார். 1980களில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறை வந்தபின், ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ எந்தத் தொழுநோயும் குணமாகும் என்ற நிலை உண்டாயிற்று. ஆனாலும் சட்டத்தில் இருந்த சொல் அப்படியே இருந்தது. குணமான ஒருவரையும் அவருடைய பழைய நோயைக் காட்டி நீதிமன்றத்துக்கு இழுக்க அது இடங்கொடுத்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. மணவிலக்குக் காரணங்களிலிருந்து தொழுநோயை எடுத்துவிடும் திருத்தச் சட்டம் 2019இல்தான் நிறைவேறியது. மருந்து கண்டபின் எழுபதாண்டுகள்!

இதைக் கேட்டு, துணைவர் நோயுற்றால் எவரும் பிரியவே கூடாது என்று நான் சொல்வதாக எண்ணவேண்டா. தாங்க இயலாதவர் உண்டு; அவரைப் பழிக்க வெளியில் நிற்பவர்க்கு உரிமை இல்லை. ஆனால் உடனிருக்க விரும்பியவரையும் பிரித்த சட்டங்கள் இருந்தன. உடனிருந்தவரையும் ஊர் ஒதுக்கியது. தண்ணீர் எடுக்கப் போன மனைவிக்கும் கிணறு மறுக்கப்பட்டது. நோயரின் மகளுக்கு மணம் மறுக்கப்பட்டது. கிருமி ஒருவருடைய நரம்பைத்தான் தின்றது. அச்சமோ வீடு முழுவதையும் தின்றது.

மருந்தைப் பற்றிச் சொன்னதில் ஒன்றை மறைத்துவிடக் கூடாது. கூட்டு மருந்து கிருமியைக் கொல்லும். செத்த நரம்பை எழுப்பாது. நோய் தொடங்கியவுடன் வந்தவருக்கு ஊனம் இல்லை. காலந்தாழ்த்து வந்தவர் குணமான பின்னும் மரத்த கையோடுதான் வாழவேண்டும். ஆகவே, மாலைதோறும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கும் துணைவரின் வேலை அவ்வீடுகளில் இன்றும் ஓயவில்லை. நிறம் மங்கிய, தொட்டால் உணர்ச்சி குறைந்த தேமல் ஒன்று உங்கள் வீட்டில் யாருக்கேனும் இருந்தால், மறைக்காமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மருந்து அங்கே இலவசம்.

சிவா தம் கடைசி ஆண்டுகளில் தருமபுரியை அடுத்த பாப்பாரப்பட்டியைத் தம் இடமாகக் கொண்டார். அங்கே பாரத ஆசிரமம் அமைத்தார். பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப விரும்பினார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1925ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் அவ்வூரிலேயே சிவா உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 40.

இப்பொழுது ஒருவருக்குத் தொழுநோய் என்று அறியப்பட்டால், சுகாதாரப் பணியாளர் அவருடைய வீட்டுக்கும் வருகின்றார். நோயருக்குரிய மாத்திரைகளைக் கொடுத்தபின், வீட்டில் உள்ள மற்றவர்களையும் சோதிக்கின்றார். நோய் இல்லாத துணைவருக்கு ரிபாம்பிசின் என்னும் மருந்தை ஒரேயொரு முறை, அவர் கண்ணெதிரே விழுங்கச் செய்கின்றார். பிறகு பதிவேட்டைத் திறந்து, நோயரின் பெயருக்குக் கீழே துணைவரின் பெயரையும் எழுதிக்கொள்கின்றார்.